பிளாக்குக்கு ஆசைப்பட்டு நல்ல சென்டரைப் பாழாக்குறீங்களேடா!

ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடை. பாம்பன்ல விசைப்படகெல்லாம் சும்மா கெடக்கு, பயலுக கையில போனு, போனுல ‘பஸ்ஸர்பீட்டர்’னு ஒரு கூடைப்பந்து மேனேஜர் கேமு. விளையாடட்டும். ஆனா 18 வயசு, ஏழடி உயரம்னு டிராஃப்ட்ல, அதாவது புதுப் பயலுகளை அணிக்கு எடுக்குறப்ப, சென்டருக்கு (ரிங்குக்குக் கீழ நிக்கிற நெட்டை ஆளு) ஒரு முத்து கிடைச்சா, முதல் வாரமே டிரெய்னிங்ல ‘ஷாட் பிளாக்கிங்’னு, அதான் எறியிற பந்தைத் தட்டி விடுற வித்தைன்னு, அமுக்குறானுக பாருங்க, வயிறு எரியுது.

கணக்கைப் பாரு மாப்ள. வாரத்துக்கு மூணு ஆட்டம், நம்ம ராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போற கணக்குத்தான். ஆட்டத்துக்கு 48 நிமிஷம்னா சென்டர் இடத்துல மொத்தம் 144. ஒருத்தனுக்கு டிரெய்னிங் முழுசா ஏற 48 நிமிஷம் வேணும். அப்போ மூணே பேரு. அதுலயும் வாரத்துக்கு ஒரே திறமை, சீசனுக்கு 14 வாரம். 18, 19 வயசுல ஏறுற வேகம் 24ல வராது. அந்தப் பொன்னான வாரத்தைத்தான் பிளாக்குக்குக் கொட்டுறீங்க.

ரிங்குக்குக் கீழ வர்றவன் எறியிற ஒவ்வொரு பந்தையும் கஷ்டமாக்குறது இன்சைட் டிஃபென்ஸ். எதிரணி ஒரு ஆட்டத்துல 80 தடவைக்கு மேல எறியும். அதுல நாலு பிளாக் விழுந்தாலே ஆகா ஓகோம்பீங்க. மிச்சத்துக்கு யாரு பதில் சொல்றது? தட்டுன பந்து வெளிய போனா திரும்ப அவனுக்குத்தான், உள்ளயே விழுந்தாலும் ரீபவுண்ட் (சிதறுற பந்தைப் பிடிக்கிற திறமை) இல்லாதவன் கைக்கு வராது. ஸ்கோர் ஷீட்டுல உங்க ஆளு பேருக்கு நேரா நாலு பிளாக்குன்னு போட்டிருக்கும், எதிர் சென்டர் பேருக்கு நேரா 34 பாயிண்ட். நண்டு வலையைப் போட்டுட்டு சாளை விழலைன்னு புலம்புனா எப்படி?

உடனே அமெரிக்க என்பிஏ லீக்ல ஆடுன சென்டர் மார்க் ஈட்டனை இழுப்பானுக. 1984-85ல 82 ஆட்டத்துல 456 பிளாக், சரிதான். ஆனா அந்த ஏழடி நாலு அங்குல ஆளு நின்ன இடத்தைப் பார்த்தே பாதிப் பேரு ரிங் பக்கம் வரல. அது டிஃபென்ஸ்யா! அதே லீக்ல பழைய சென்டர் பில் ரஸ்ஸல் பந்தை வெளிய அறையாம சொந்த ஆளு பக்கம் தட்டி விடுவாரு, அதுலதான் காசு.

முழுசா வேண்டாம்னும் சொல்லல. டிஃபென்ஸும் ரீபவுண்டும் ஏறுனா சம்பளம் எகிறும், பிளாக் ஏறுனா அவ்வளவு எகிறாது. அதனால 22, 23 வயசுல அந்த ரெண்டும் நெறைஞ்ச பிறகு, சம்பளம் கையைக் கடிக்கிற நேரத்துல மூணு நாலு வாரம் போடு, யாரு கேக்குறா?

இப்போதைக்கு, டிரெய்னிங் ஏறுற வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி இன்சைட் டிஃபென்ஸுக்கு மாத்து. இடம் ‘சென்டர்’ மட்டும். சென்டருக்குப் பக்கத்துல ஆடுற பவர் ஃபார்வர்டையும் சேர்த்தா ஆளு கூடும், வேகம் குறையும். பையன் ஃபவுல்ல வெளிய போயி 48 நிமிஷம் துண்டு விழுந்தா, வாரத்தோட கடைசி ஆட்டத்துல அவனையே முதல்ல இறக்கி அந்தக் கணக்கை முடி.