நுண்ணுறுப்புகள் மிதப்பவை அல்ல
உயிரணு பற்றிய தொடர் கட்டுரையில், உயிரணு ஒரு நீர்ப்பை, அதற்குள் நுண்ணுறுப்புகள் (உயிரணுவுக்குள் தனித்தனி வேலை செய்யும் சிறு பகுதிகள்) மிதக்கின்றன என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவோ, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கொல்கி உறுப்போ போன போக்கில் அலைவதில்லை. உயிரணுச் சட்டகம் என்னும் புரத இழைகளின் வலைப்பின்னல் அவற்றை இடம்பார்த்து நிறுத்துகிறது. அந்தச் சட்டகத்தின் பகுதியான, 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்களின் மேல் கைனசின் என்னும் புரதம், ஆற்றல் தரும் ஓர் ஏடிபி மூலக்கூறுக்கு 8 நானோமீட்டர் என்று அடியெடுத்து வைத்து, சரக்கு நிரம்பிய நுண்பைகளை விளிம்பு நோக்கி இழுத்துச் செல்கிறது. எதிர்த்திசைக்கு இழுப்பது டைனீன் என்னும் இன்னொரு புரதம். எத்தனை அழகான ஏற்பாடு!

1985இல் கணவாயின் நரம்புத் திசுவிலிருந்து கைனசினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான மைக்கேல் ஷீட்ஸ்தான், நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இயந்திர உயிரியல் ஆய்வுக்கழகத்துக்கு முதல் இயக்குநராக இருந்தவர். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுக்கும் நம் பிள்ளைகள் படிக்கும் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடலாமா? அடுத்த பகுதியில் அவசியம் சேருங்கள்.