வேர்முடிச்சிலிருந்து வந்த பர்கர்

பாட்ரிக் பிரவுனைப் பற்றிப் பேசும்போது, நல்ல விஞ்ஞானி ஒருவர் ஆய்வகத்தை விட்டுவிட்டு பர்கர் விற்கப் போய்விட்டார் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. என் மனத்தாங்கல் வேறு.

ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த அவர், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே சமயத்தில் அளக்க உதவும் டி.என்.ஏ. மைக்ரோஅரே உத்தியை 1990களில் உருவாக்கியவர்களில் ஒருவர். கால்நடை வளர்ப்பால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டைத் தடுக்க, இறைச்சியை விடும்படி மக்களுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, அதே சுவையைத் தாவரத்திலிருந்து கொடுத்தாக வேண்டும் என்று முடிவுசெய்து, 2011இல் இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இறைச்சிக்கு அதன் சுவையையும் மணத்தையும் தருவதில் பெரும்பங்கு ஹீம் என்ற இரும்புள்ள மூலக்கூறுக்கு உண்டு என்பது அவருடைய கணிப்பு. பயறுவகைச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருக்கும் சிறு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணமான லெக்ஹீமோகுளோபினில் இருப்பதும் அதே ஹீம்தான். (நைட்ரஜன் பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் புரதம் இது.) வேர்களைத் தோண்டியெடுத்துப் பிரிப்பது கட்டுப்படியாகாது என்பதால், சோயாவின் மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தி, நொதிகலன்களில் அந்தப் புரதத்தைப் பெருக்கினார்கள். அதைக் கலந்து செய்து, 2016இல் நியூயார்க் உணவகம் ஒன்றில் அறிமுகமான தாவர பர்கர், 2018இல் ஒயிட் காசில் என்ற உணவகத் தொடருக்கும் 2019இல் பர்கர் கிங்குக்கும் போய்ச் சேர்ந்தது. இதை அறிவியல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இதே பிரவுன்தான், ஆய்வுக் கட்டுரைகள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று வாதாடி, விஞ்ஞானிகள் ஹரால்ட் வார்மஸ், மைக்கேல் ஐசன் ஆகியோருடன் சேர்ந்து, அப்படிப்பட்ட இதழ்களை வெளியிடும் பிளாஸ் (PLOS) அமைப்பை நிறுவியவர். அவர் தொடங்கிய நிறுவனமோ, ஹீம் சார்ந்த காப்புரிமையை முன்வைத்து 2022இல், தாவர இறைச்சிக்கான சேர்பொருள்களை உருவாக்கிய மோட்டிஃப் ஃபுட்வொர்க்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து அவர் விலகியதும் அதே ஆண்டில்தான். முதலீட்டாளர்களின் பணத்தில் நடக்கும் நிறுவனம் காப்புரிமையைக் காத்துக்கொள்ளத்தான் செய்யும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், 2035க்குள் உலகின் உணவிலிருந்து கால்நடைகளையே அகற்றிவிட வேண்டும் என்று இலக்கு வைத்தவருக்கு, அதே பாதையில் வரும் இன்னொரு நிறுவனம் துணையாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

மைக்ரோஅரே கருவியை அவரவரே செய்துகொள்வதற்கான வழிகாட்டியை அவருடைய ஆய்வகம் அந்தக் காலத்தில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஹீமுக்கு அப்படியொரு வழிகாட்டியை அவருடைய நிறுவனம் வெளியிடவில்லை.