துருவுக்கு வாரண்டி இல்லை

நியூஜேர்சியில் இருக்கும் தம்பி போன கிழமை அழைத்தான். வீட்டு வாரண்டி கம்பனியோடு சண்டையாம். ஆண்டுக்குப் பல நூறு டொலர் கட்டுகிறான். ஹீட்டரோ ஏசியோ பழுதானால் ஆள் அனுப்புவார்கள். ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம். தீ, புயல் என்றால் அது காப்புறுதியின் வேலை, பாவித்துத் தேய்வதற்குத்தான் இந்த வாரண்டி. இந்த முறை ஏசி நின்றதும் ஒருவர் வந்து பார்த்தார். ஒழுங்காகச் சர்வீஸ் செய்யாததால் வந்த பழுது, அடங்காது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வந்து பார்த்ததற்கான காசை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

"அக்கா, கட்டின காசைச் சேர்த்து வச்சிருந்தா புது ஏசியே போட்டிருப்பன்" என்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காசு சேர்த்து வைத்த ஆள் நான். என் கதையும் அவ்வளவு வெற்றிக் கதை இல்லை.

நமக்கு வாரண்டி என்றால் பிரிட்ஜ் வாங்கும்போது கடைக்காரர் சீல் குத்தித் தரும் அட்டைதான். கொஞ்சம் மேலதிகமாகக் கட்டினால் இரண்டு வருடம் நீட்டித் தருகிறோம் என்பார்கள். கட்டுவதற்கு முன் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசியுங்கள். '10 வருடம்' என்பது பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டும். காஸ் அடிக்கிற செலவும் கூலியும் நம் தலையில். துரு, வோல்ட்டேஜ் கூடிக் குறைதல் இவற்றால் வரும் பழுது அடங்காது என்றும் அநேகமாக ஒரு வரி இருக்கும். சரி, திருகோணமலையில் வேறு எதனால் பழுதாகும்? நான் இருப்பது உவர்மலையில், பெயரிலேயே உவர். கேற் கொண்டி, ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி என்று உப்புக்காற்று எதையும் விடுவதில்லை. கொங்கிறீட்டுக்குள் உப்பு இறங்கினால் இன்னும் மோசம். துருவுக்குத் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; உள்ளே கம்பி ஊதி, மேலே கொங்கிறீட் வெடித்துக் கட்டி கட்டியாக விழும். எங்கள் முன்வாசல் தட்டு விழுந்தது அப்படித்தான். நல்லவேளை, இரவில் விழுந்தது.

அதனால் என் கட்சி சேமிப்புத்தான். ஆனால் அதிலும் இரண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

ஒரு கார்த்திகை மழையில் கிணற்று மோட்டரின் கொயில் எரிந்தது. காசு கையில் இருந்தது, ஆள்தான் இல்லை. மழை தொடங்கினால் ஊரே அதே நாலு பேருக்குத்தான் போன் அடிக்கும். ஐந்து நாள் வாளியால் அள்ளினோம். தம்பி கட்டும் காசில் ஒரு பங்கு உண்மையில் 'யாராவது வருவார்கள்' என்பதற்கான காசு என்று அன்றுதான் விளங்கியது. அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. இப்போது ஆவணியிலேயே எலக்ட்ரீஷியனையும் மேசனையும் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன்.

மற்றது 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கூரை மாற்றவென்று வைத்திருந்த காசுக்குப் பாதிக் கூரைக்குத்தான் தகடு வந்தது. "காசா வைக்காத, காப்பா வை எண்டு அப்பவே சொன்னனான்" என்றார் அம்மா. அந்த ஆண்டு தங்கம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் அடைவு வட்டி கட்டியே தேய்ந்த வீட்டில் வளர்ந்தவள் நான்; காப்பைக் கண்டாலே அடைவுத் துண்டுதான் கண்ணில் வருகிறது.

ஆகவே மாதம் 5,000 ரூபா தனிப் புத்தகத்தில் போடுகிறேன். கொஞ்சம் சேர்ந்ததும் துருத்தடுப்புப் பெயின்ட், ஸ்டெயின்லெஸ் கொண்டி என்று உடைவதற்கு முன்பே செலவழித்துவிடுகிறேன். புத்தகம் என்னிடம் இருந்தால் கல்யாண வீட்டுச் சேலையும் அவசரத் திருத்தமாகிவிடும் என்று அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். கேட்டால் உடனே தரமாட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி வருவார்: "என்ன உடைஞ்சது? காட்டு பாப்பம்."