உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கா, தடவிப் பாருங்க
பிள்ளைகளுக்கு வர்ற ஸ்கார்லெட் காய்ச்சலைப் பத்தி நீங்க போட்ட கட்டுரையைப் படிச்சேன். அதுல உடம்பு சிவக்கும்னு எழுதியிருக்கீங்க. சரிதான். ஆனா நம்ம பிள்ளைக நிறத்துக்கு அந்தச் சிவப்பு சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது. விரலால தோலைத் தடவணும். நாக்கும் சிவந்து முத்து முத்தாத் தடிச்சிருக்கும். ஆலங்குளம், முக்கூடல் பக்கமெல்லாம் மேல பொரிஞ்சாலே 'அம்மை போட்டிருக்கு'ன்னு வேப்பிலையைச் செருகிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டாவ. சின்னம்மைன்னா நீர்க்கொப்புளம் வருமே, இதுல அது கிடையாது.

எங்க தெருவுல ஒரு மதினி, பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டே சொல்லுதாவ: "காய்ச்சல் விட்டுட்டு, மிச்ச மருந்தைச் சின்னவனுக்கு எடுத்து வச்சிருக்கேன்." டாக்டர் எழுதினது 10 நாளைக்கு அமாக்ஸிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் மருந்து, குடுத்ததோ மூணே நாள்! இந்தக் காய்ச்சலைக் கொண்டு வர்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில மிச்சமிருந்தா, ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூட்டு வீங்கி வாதக்காய்ச்சலா வரலாம். அது இருதய வால்வைக் கெடுத்துட்டா வருசக்கணக்குல பென்சிலின் ஊசிதான், மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு. கட்டுரையில இதுக்கு ஒத்த வரிதான் இருக்கு, அதான் எனக்குக் குறை.

அதுக்காக மூக்கொழுகல், இருமலுக்கெல்லாம் இதே மருந்தைக் கேட்டு மெடிக்கல்ல நிக்காதீங்க. அது பெரும்பாலும் வைரஸ்தான், இந்த மருந்து கேக்காது.