புதுக்கோட்டையிலிருந்து பம்பாய்க்குப் போன சாண்டோ

கடையில் 'சாண்டோ பனியன்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சாண்டோ ஒரு மனிதரின் பெயர். யூஜின் சாண்டோ, பிரஷ்ய நாட்டுப் பயில்வான். 1904-05 வாக்கில் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இங்கே கசரத் செய்து உடம்பை முறுக்கேற்றியவர்களுக்கெல்லாம் சாண்டோ பட்டம்தான். சின்னப்பா தேவருக்கு முன்னாலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது நமக்குத் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு தலைமுறை முந்தியே, அதே பட்டத்தோடு சினிமாவுக்குப் போன ஒருவர் உண்டு. புதுக்கோட்டை நாகலிங்கம். சினிமாவில் ராஜா சாண்டோ.

இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு 'ஏதோ விருது பேராச்சே' என்றுதான் நினைவு வரும். சரிதான், தமிழக அரசு அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. விருதுக்குப் பெயராகிப் போனவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. பெயர் வருஷா வருஷம் மேடையில் ஒலிக்கும், ஆளைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். எனக்கு அதில்தான் மனக்குறை.

அவர் பம்பாய்க்குப் போனது இருபதுகளின் தொடக்கத்தில். கையில் இருந்தது உடம்பு ஒன்றுதான். பட்டாங்கர் எடுத்த புராணப் படங்களில் தலைகாட்டினார். அப்புறம் கோஹினூர் கம்பெனி. அடுத்த நாலைந்து வருஷத்தில் கதாநாயகன். 1926இல் 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்தில் சுலோச்சனாவோடும் கோஹரோடும் நடித்தார். அந்தக் காலத்துச் சுலோச்சனா என்றால் இந்தியாவே திரும்பிப் பார்த்த நட்சத்திரம். படத்துக்கு வருமுன் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். 1927இல் சந்துலால் ஷாவின் 'குணசுந்தரி'யில் கோஹருக்குக் கணவன் இவர். அந்தப் படத்துக்கு வைத்த ஆங்கிலத் தலைப்பின் பொருள் 'கணவர்கள் ஏன் வழிதவறுகிறார்கள்' என்பது! வீட்டிலேயே அடைந்து கிடக்கும் மனைவி, வெளியே சுகம் தேடும் புருஷன் என்று ஒரு குடும்பச் சண்டையை 1927இல் படமாக்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குஜராத்தி முதலாளி, பாக்தாதி யூதப் பெண்ணான சுலோச்சனா கதாநாயகி, புதுக்கோட்டைத் தமிழன் கதாநாயகன். எப்படிச் சாத்தியமாயிற்று? யாரும் வாயைத் திறந்து பேச வேண்டியதில்லை என்பதால்தான். படம் ஊமை. காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டையை மட்டும் மாற்றிவிட்டால் லாகூரிலும் ஓடும், மதுரையிலும் ஓடும். உச்சரிப்பு சரியில்லை என்று யாரும் கேலி செய்ய முடியாது. இன்று 'பான் இந்தியா' என்று போஸ்டர் ஒட்டிக் கொண்டாடுகிறார்களே, அது நூறு வருஷத்துக்கு முன்பே எந்த ஆரவாரமும் இல்லாமல் நடந்த காரியம். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அவர் அங்கேயே இருந்திருக்கலாம். நாயகன் வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் 1928 வாக்கில் பம்பாயிலேயே படம் இயக்குவதில் கைவைத்துவிட்டு, சென்னைக்கு வந்து ஆர். பத்மநாபனின் அசோசியேட் பிலிம்ஸுக்கு வரிசையாக மௌனப் படங்கள் எடுத்தார். 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அநாதைப் பெண்' எல்லாம் 1930ஐ ஒட்டி வந்தவை. தலைப்புகளைப் பாருங்கள். கீசகனையும் திரௌபதியையும் சுற்றியே வந்துகொண்டிருந்த ஊரில் ஒருவர் 'அநாதைப் பெண்' என்று படத்துக்குப் பெயர் வைக்கிறார். அப்போது இவருக்குக் கதை எழுதிக் கொடுத்துத் தொழில் கற்றுக்கொண்ட இளம் வக்கீல் ஒருவர் இருந்தார். கே. சுப்ரமணியம். பின்னாளில் 'தியாகபூமி' எடுத்த அதே சுப்ரமணியம்தான். தமிழில் சமூகப் படம் என்றதும் நாம் சுப்ரமணியத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். அவர் எங்கே பயின்றார் என்று கேட்டால் கை இந்த மனிதரைத்தான் காட்டும்.

அந்த மௌனப் படங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். மற்றதெல்லாம் போயே போய்விட்டது. நைட்ரேட் பிலிம் தீப்பற்றும், நொறுங்கும், பொடியாகும். எல்லாப் பழியையும் ரசாயனத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. ஓடி முடித்த படப்பெட்டி யாருக்கும் வேண்டாத சுமையாக இருந்தது.

பேசும் படம் வந்தபோது பல மௌன நடிகர்கள் கவிழ்ந்தார்கள். இவருக்கு அது இன்னொரு வாசல். 1935இல் 'மேனகா'. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திக்கொண்டிருந்த நாடகம். நாத்தனார்களின் சூழ்ச்சியில் சிக்கிச் சீரழியும் பெண்ணின் கதை. நாடகக் கம்பெனியையே பம்பாய்க்கு அழைத்துப்போய்ப் படமாக்கினார். என்.எஸ். கிருஷ்ணனை ஜனங்கள் திரையில் முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். மறு வருஷம் 'சந்திரகாந்தா'. இது ஜே.ஆர். ரங்கராஜு நாவல். காளி என். ரத்தினம் போலிப் பண்டார சந்நிதியாக வந்து மடத்துக்குள் நடக்கும் லீலைகளை நாறடிப்பார். பி.யு. சின்னப்பாவுக்கு அதுதான் முதல் படம். மடாதிபதிகளுக்குச் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்த 1936இல் இதை எடுக்கத் தைரியம் வேண்டாமா?

ஆக, ரயிலில் போகிறவர்கள் வாங்கிப் படித்த துப்பறியும் நாவல்களையும் திகில் நாவல்களையும் சினிமாவாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இலக்கியவாதிகள் மூக்கைச் சுளித்த நாவல்கள் அவை. ஆனால் அந்த நாவல்களில்தான் வீடு இருந்தது, வக்கீல் இருந்தார், போலிச் சாமியார் இருந்தார். நாரதர் இல்லை. இந்தத் தேர்வைத்தான் நான் அவருடைய பெரிய சாதனை என்பேன், உடம்பையும் பம்பாய்ப் புகழையும் விட.

அதற்காக அவரைச் சிலை வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. 1939இல் எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து எடுத்த 'திருநீலகண்டர்' பழைய பக்திக் கதைதான். பிழைப்பும் பார்க்க வேண்டுமே. படப்பிடிப்பில் அவர் மகா கண்டிப்பு, முன்கோபி என்பதும் அந்தக் காலத்தவர்கள் சொல்லிவைத்த செய்தி. 'பழைய வாத்தியார்கள் அப்படித்தான்' என்று அதை அழகுபடுத்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. திட்டு வாங்கினால்தான் நடிப்பு வரும் என்றால் அது என்ன நடிப்பு?

கடைசியில் கோவையில் 'சிவகவி'. பாகவதர் கதாநாயகன், பாபநாசம் சிவன் பாட்டு. ராஜா சாண்டோதான் இயக்க ஆரம்பித்தார். நடுவில் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவோடு ஒத்துப்போகவில்லை. வெளியேறினார், நாயுடுவே இயக்கி முடித்தார். 1943இல் படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதே கோவையில், அதையொட்டிய காலத்திலேயே, ஐம்பதை எட்டுமுன் ராஜா சாண்டோ இறந்துபோனார்.

'சிவகவி'யில் வரும் 'வதனமே சந்திர பிம்பமோ' பாட்டு இன்றைக்கும் எங்கேயாவது கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தின் டைட்டிலில் இயக்குநர் என்று வருவது இன்னொருவர் பெயர்.