பச்சை நிறத் தாள் கொடுத்தால் டயர் தேயாமல் இருந்துவிடுமா?

புது டயரின் உட்புற விளிம்பு சில மாதங்களிலேயே கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்து, வெளிப்புறப் பாதி மட்டும் வாங்கிய அன்று இருந்ததைப் போலவே இருக்கும்போது, "ரோடு சரியில்லை அங்கிள்" என்று கைவிரிக்கும் பட்டறைக்காரரிடம் எப்படிப் பொறுமையாகப் பேசுவது? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாலைக் குழிகள் உண்டு என்பதை, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகும் இங்கேயே வண்டி ஓட்டும் எவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழியில் விழுந்ததால் எது வளைந்தது, எது தளர்ந்தது என்று கண்டுபிடிக்கத்தானே உங்களிடம் வருகிறோம்?

அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது, என்ற பெயரில் நடப்பது இதுதான்: வண்டியை மேடையில் ஏற்றுகிறார்கள், சக்கரங்களில் கருவிகளை மாட்டுகிறார்கள், ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இரண்டு டை ராடுகளைத் திருகுகிறார்கள், திரையில் எண்கள் பச்சையானதும் தாளை அச்சடித்து நீட்டுகிறார்கள். அதற்கு முன் காற்றழுத்தத்தைக்கூடச் சரிபார்ப்பதில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டினால் டை ராட் முனை தளர்ந்திருப்பது கைக்கே தெரிந்துவிடும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கோ, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்டோ தேய்ந்திருப்பது புலப்படும். இதற்கு எந்தக் கணினியும் தேவையில்லை. தளர்ந்த முனையை அப்படியே விட்டுவிட்டு டோவை, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்தால், நின்றிருக்கும் வண்டியில் சரியாகக் காட்டும் அளவு, சாலையில் இறங்கிப் பிரேக்கை மிதித்ததுமே மாறிப்போகும்.

டோ அரை டிகிரி விலகினாலே அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் உரசி இழுபடுகிறது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை N3 நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் போனால், ஏறக்குறைய 700 மீட்டர் தூரம் டயரைத் தாரில் தேய்த்திருக்கிறோம் என்று பொருள். பிறகு ரப்பர் எங்கே மிஞ்சும்!

தேய்ந்த டயரே நோயைச் சொல்லிவிடும். ஆனால் அதைத் தடவிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. உள்ளங்கையை டயரின் குறுக்கே நகர்த்தும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லைப் போலவும் தட்டுப்பட்டால் டோ பிழை. உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது கூர்மையாக உறுத்தினால் டோ-இன் (சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம், வெளியிலிருந்து உள்ளே தள்ளும்போது உறுத்தினால் டோ-அவுட் (வெளிநோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். உறுத்தலில்லாமல் ஒரு விளிம்பு மட்டும் சீராக மழுங்கியிருந்தால் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தை, சந்தேகிக்கலாம். திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ சக்கரத்தின் எடைச் சமநிலையையோ பார்க்க வேண்டும். இரு விளிம்புகளும் தேய்வது காற்றுக் குறைவால், நடுப்பகுதி தேய்வது காற்று மிகுதியால். அவற்றுக்கு அலைன்மென்ட்டே மருந்தல்ல.

கேம்பர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. முன்சக்கர இழுவை கொண்ட பல சிறிய கார்களில் முன்பக்க கேம்பரைத் திருத்தத் தொழிற்சாலையே எந்த வசதியும் வைக்கவில்லை. அளவு விலகியிருந்தால் ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்), சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கையோ வளைந்திருக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங் தாழ்ந்தோ ரப்பர் புஷ் தேய்ந்தோ போயிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "கேம்பர் செட்டிங்" என்று பில்லில் ஒரு வரி சேர்த்து ராண்ட் வாங்குவதை என்னவென்று அழைப்பது?

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றால் "மழைநீர் வடிய ரோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் இரு முன் டயர்களையும் இடம் மாற்றிப் போட்டபின் வண்டி வலப்பக்கம் இழுத்தால் குற்றம் சாலையுடையதல்ல, டயருடையது. இந்தச் சோதனையை எந்தப் பட்டறையும் தானாக முன்வந்து செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது பணத்தோடு போகும் விஷயமுமல்ல. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி டயரின் முழு அகலத்திலும் முழுச் சுற்றிலும் குறைந்தது 1 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தாக வேண்டும். உள்விளிம்பு மட்டும் மொட்டையானாலும் டயர் சட்டவிரோதமானதே. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிக் குனிந்து பார்த்தாலொழிய அந்த விளிம்பு கண்ணில் படுவதில்லை.

பழைய அளவு, புதிய அளவு என்று இரண்டு பத்திகளும் தாளில் இருக்க வேண்டும், தளர்ந்த பாகம் எது என்றும் எழுதித் தர வேண்டும். புதிய அளவை மட்டும் பச்சையில் அச்சடித்து நீட்டினால், இனி நான் பணப்பையைத் திறக்கப்போவதில்லை.