சாய்ந்த ஸ்ப்ரெடர் படகு வாங்குமுன் பின்காற்றையும் யோசியுங்கள்

பாய் கட்டும் கம்பத்தின் இரு பக்கமும் நீட்டியிருக்கும் ஸ்ப்ரெடர் என்ற கைகள் பின்னோக்கிச் சாய்ந்த பாய்மரப் படகு, கரையோரம் ஓட்டுகிறவருக்கு அருமையான ஏற்பாடு. அதே படகில் பின்காற்றைப் பிடித்துப் பெருங்கடல் தாண்டப் புறப்பட்டால், அந்த ஸ்ப்ரெடர் தினம் தினம் தொல்லை கொடுக்கும். விற்பவர்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள். படகு வாங்க வருகிறவர்களும் கேபினுக்குள் இறங்கி அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் திறந்து பார்க்கிறார்கள். தலையைத் தூக்கி மாஸ்டை, அதாவது அந்தக் கம்பத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. சாய்ந்த ஸ்ப்ரெடர் படகு வாங்கலாமா என்று சமீபத்தில் கேட்ட ஒரு நண்பருக்கு எழுதிய பதிலைத்தான் விரித்து இங்கே போடுகிறேன்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்ட் தானாக நிற்பதில்லை. முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரண்டு பக்கமும் ஷ்ரவுட் என்று எஃகுக் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. மாஸ்டின் உயரத்தோடு பார்த்தால் படகின் அகலம் ரொம்பக் குறைவு. உச்சியிலிருந்து பக்கக் கம்பியை நேராக இறக்கினால் அது மாஸ்டை ஒட்டியே வரும், பிடிமானம் இருக்காது. அந்தக் கம்பியை வெளியே தள்ளிப் பிடிக்க இரு பக்கமும் நீட்டியிருக்கும் கைகள்தான் ஸ்ப்ரெடர். பழைய படகுகளில் அவை நேர் பக்கவாட்டில் நிற்கும். இன்று தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டும் பெனட்டோ, ஜானோ, பவாரியா போன்ற படகுகளில் பெரும்பாலும் 20 டிகிரி அளவுக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். கம்பி டெக்கில் வந்து இறங்கும் இடமும் மாஸ்டுக்குப் பின்னால் போய்விடும்.

இந்தச் சாய்வை எல்லை வரை கொண்டு போனவர்கள் லார்ஸ் பெர்க்ஸ்ட்ராம், ஸ்வென் ரிடர் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள். மாஸ்டும் அதைப் பிடிக்கும் கம்பிகளும் சேர்ந்ததுதான் ரிக். அவர்கள் பெயரால் பி அண்ட் ஆர் ரிக் என்று அழைக்கப்படும் அமைப்பை அமெரிக்காவின் ஹண்டர் கம்பெனி பல ஆண்டுகள் தன் படகுகளில் பயன்படுத்தியது. ஸ்ப்ரெடர் 30 டிகிரி சாய்வு. பேக்ஸ்டே கிடையாது. மொட்டைமாடி டிவி ஆன்டெனாவை மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுவோமே, அதே கணக்கு: முன்னால் ஒன்று, பின்பக்கமாக இரண்டு, நடுவில் 120 டிகிரி இடைவெளி.

இதிலுள்ள நன்மை சாதாரணமானதல்ல. பழைய ஃப்ராக்ஷனல் ரிக்கில், அதாவது ஃபோர்ஸ்டே மாஸ்டின் உச்சிக்குப் போகாமல் கொஞ்சம் கீழேயே முடிகிற ரிக்கில், நேரான ஸ்ப்ரெடர் இருந்தால் மாஸ்டைப் பின்னால் இழுக்க ரன்னிங் பேக்ஸ்டே, அதாவது பக்கத்துக்கு ஒன்றாக முறுக்கித் தளர்த்தும் ரன்னர்கள் வேண்டும். காற்று வரும் பக்கத்து ரன்னரை முறுக்க வேண்டும், மறுபக்கத்து ரன்னரைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இதே வேலை. பலத்த காற்றில் ஜைப் செய்யும்போது, அதாவது பின்காற்றில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும்போது, ரன்னரை இழுக்க மறந்தால் மாஸ்டே போகலாம். இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், மழையில், ஒற்றை ஆளாக இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த ஸ்ப்ரெடர் இந்த ஆபத்தை அடியோடு எடுத்துவிட்டது. மாஸ்டைப் பின்னால் இழுக்கும் கம்பி எப்போதும் அங்கேயே இருக்கிறது, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தம்பதியாக, குழந்தைகளோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

மற்ற வசதிகளும் உண்டு. கம்பிகளும் இணைப்புகளும் குறைவு. ஷ்ரவுட் படகின் ஓரத்துக்கே போய்விட்டால் மாஸ்டின் மேல் அழுத்தம் குறைகிறது, நடக்கும் வழியும் தடையில்லாமல் இருக்கிறது. மாஸ்டைத் தாண்டிப் பின்னால் நீளும் ஜெனோவா என்ற பெரிய முன்பாயை அந்த அகலமான கம்பிகளுக்கு உள்ளே இறுக்க முடியாது. அதனால் முன்பாய் சிறிதாகவும் மாஸ்டுக்குப் பின்னுள்ள மெயின் பாய் பெரிதாகவும் ஆகிவிட்டன. ஜிப் என்ற சின்ன முன்பாய் என்றால் திரும்புவது சுலபம். இதை நான் முழு நன்மைக் கணக்கில்தான் வைக்கிறேன்.

இனி இந்த நன்மைக்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். நேரான ஸ்ப்ரெடரில் ஒரு கம்பிக்கு ஒரு வேலை. பக்கக் கம்பி பக்கவாட்டில் பிடிக்கும். முன்னும் பின்னும் பிடிக்க வேறு கம்பிகள் உண்டு. சாய்ந்த ஸ்ப்ரெடரில் ஒரே கம்பி இரண்டு வேலை பார்க்கிறது. 30 டிகிரி சாய்வில் கம்பியின் கிடைமட்ட இழுப்பில் பாதியளவு விசை பின்பக்கம் வேலை செய்யும். 20 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. ஃபோர்ஸ்டேயை விறைப்பாக வைத்திருக்க இது போதவேண்டுமென்றால் ஷ்ரவுட்டை நன்றாக முறுக்கியாக வேண்டும். கம்பி, அதை முறுக்கும் டர்ன்பக்கிள், டெக்கில் அதைப் பிடிக்கும் செயின்பிளேட், அடியில் படகின் உடம்பு என்று எல்லாமே அந்தச் சுமையை எந்நேரமும் தாங்குகின்றன, படகு கரையில் சும்மா கட்டிக் கிடக்கும்போதும்.

எவ்வளவு முறுக்கு என்பதைக் கையால் தட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஸ்வீடனின் செல்டன் மாஸ்ட் கம்பெனி கையேட்டில் ஓர் எளிய முறை இருக்கிறது. இரண்டு மீட்டர் மடக்கு அளவுகோலை ஷ்ரவுட்டோடு சேர்த்து மேல்முனையில் மட்டும் டேப் சுற்றி ஒட்டுங்கள். கம்பி தளர்வாக, கைமுறுக்கில் இருக்கும்போது கீழ்முனைக்கு நேரே கம்பியில் ஒரு குறி போடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி டர்ன்பக்கிளை முறுக்குங்கள். கம்பி நீளும், அளவுகோல் நீளாது. சாதாரண 19 இழை எஃகுக் கம்பியில், அது எத்தனை தடிமனாக இருந்தாலும், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்பது அறுந்துபோகும் பலத்தில் 5 சதவீதம். உச்சி ஷ்ரவுட்டுக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 20 சதவீதம் வரை கொண்டு போகலாம். முறுக்க முறுக்க ஸ்ப்ரெடர் மாஸ்டின் நடுப்பகுதியை முன்னால் தள்ளி லேசாக வளைக்கும். மாஸ்டின் இடைப்பகுதியிலிருந்து இறங்கும் கீழ் ஷ்ரவுட்டால் அந்த வளைவை அளவோடு நிறுத்த வேண்டும். கீழ் ஷ்ரவுட்டை அளவுக்கு மீறி முறுக்கி மாஸ்டின் நடுவைப் பின்னால் வளைய விட்டால், அலையில் படகு அடிக்கும்போது மாஸ்ட் முறியும் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்று. பழைய படகுகளில் மாஸ்டின் முன்னும் பின்னுமாகக் கீழ் ஷ்ரவுட்கள் இருக்கும். ஃபோர்ஸ்டே அறுந்தாலும் முன்பக்கக் கம்பிகள் மாஸ்டைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கும், காற்றுக்கு முதுகு காட்டிப் படகைத் திருப்ப அவகாசம் கிடைக்கும். முழுவதும் சாய்ந்த ரிக்கில் எல்லாக் கம்பிகளும் பின்னாலேயே இழுக்கின்றன. முன்னால் இருப்பது ஒரே ஒரு கம்பி. அது அறுந்தால், முன்பாயின் ஓரக்கயிறு தாங்கினால் உண்டு.

இவற்றையெல்லாம்கூடப் பராமரிப்பால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பின்காற்று.

பின்காற்றில் பாயை முழுவதும் வெளியே விட வேண்டும், கிட்டத்தட்ட படகுக்குக் குறுக்காக. 30 டிகிரி சாய்வு என்றால் பாயின் அடியைப் பிடிக்கும் பூம் என்ற கம்பம் நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரியிலேயே ஷ்ரவுட்டில் போய் உட்காரும். 20 டிகிரி என்றால் 70. பாயின் மேல்பகுதி காற்றில் இன்னும் வெளியே முறுக்கிக்கொள்வதால் அதற்கும் முன்பே துணி ஸ்ப்ரெடர் முனையில் அழுந்திவிடும். ஒவ்வொரு அலைக்கும் படகு ஆடுகிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துணி தேய்கிறது. அப்படி வந்து சேர்ந்த ஒரு மெயின் பாயைப் புல்தரையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்ப்ரெடர் பட்ட இரண்டு இடங்களில் தையல் நூல் முழுவதும் போய், ஒட்டுத் துணியின் நெசவு பிரிந்து, கம்பி பட்ட கோடு நெடுக சாம்பல் நிறத்தில் ஒரு தடம். பாயை விறைப்பாக வைக்கும் பேட்டன் பட்டைகள் கம்பியில் மோதிய இடங்களில் உறையே கிழிந்திருந்தது.

பாய் தேய்வதுகூடப் பணத்தோடு போகும். பாயைக் குறைக்க வேண்டிய நேரம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) காற்றில் 7 நாட் வேகத்தில் நேர் பின்காற்றில் போனால் டெக்கில் உணர்வது 15 நாட் மட்டுமே, எல்லாம் சுகமாகத் தெரியும். காற்று ஏறும்போது ரீஃப் போட்டுப் பாயைக் குறைக்கலாம் என்று கயிற்றை விட்டால் பாய் இறங்காது. துணி ஸ்ப்ரெடரோடு ஒட்டியிருக்கிறது, பட்டைகள் கம்பியில் சிக்கியிருக்கின்றன. படகைக் காற்றை நோக்கித் திருப்பித்தான் இறக்க வேண்டும். திரும்பிய மறுகணம் அதே காற்று 26, 27 நாட்டாக முகத்தில் அறையும், பின்னாலிருந்து வந்த அலைகள் இப்போது முன்னால் மோதும். நேரான ஸ்ப்ரெடரிலும் பின்பக்கக் கீழ் ஷ்ரவுட் உரசத்தான் செய்யும். ஆனால் படகைத் திருப்பாமலே கொஞ்சம் கொஞ்சமாகப் பாயை இறக்கிவிட முடிகிறது.

"நேர் பின்காற்றில் போகாதே, கோணம் எடுத்துப் போ" என்பது வழக்கமான பதில். பந்தயத்தில் அது சரி. சென்னையிலிருந்து கணபதியும் வருண் தக்கரும் டோக்கியோ ஒலிம்பிக் போனார்களே, அவர்கள் ஓட்டிய ஃபார்ட்டி நைனர் வகைப் படகிலும் சாய்ந்த ஸ்ப்ரெடர்தான், பேக்ஸ்டே இல்லை. அந்தப் படகு கோணம் எடுத்தால் வேகம் வெகுவாக ஏறும். அங்கே இந்த ரிக்கைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

சாமான் ஏற்றிய குடும்பப் படகின் கணக்கு வேறு. நேர் பின்காற்றிலிருந்து 30 டிகிரி விலகினால் தூரம் 15 சதவீதம் கூடும். 20 டிகிரி விலகினால் 6 சதவீதம். மெல்லிய காற்றில் வேகம் கூடி இதை ஈடுகட்டும், அப்போது கோணம் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வெப்பமண்டலக் கடலில் ஒரே திசையில் வீசும் நல்ல வணிகக் காற்றில் படகு ஏற்கெனவே தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டிருக்கும், கோணம் எடுத்தாலும் வேகம் மேலும் ஏறாது. பல படகுகள் சேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டும், 1986 முதல் நடக்கும் ஏஆர்சி பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல் மைல். அதில் 6 சதவீதம் என்றால் 160 மைலுக்கு மேல், ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம்.

ஆகவே என் தேர்வு இதுதான். வார இறுதியில் போய்த் திரும்புகிறவர், வளைகுடாவுக்குள் பந்தயம் ஓட்டுகிறவர், கரையோரமாகத் தீவு தீவாகச் சுற்றுகிறவர் தயங்காமல் சாய்ந்த ஸ்ப்ரெடர் படகை வாங்கலாம். வணிகக் காற்று வழியே உலகம் சுற்றக் கிளம்புகிறவர் நேரான ஸ்ப்ரெடரும் முன்பின் கீழ் ஷ்ரவுட்களும் உள்ள படகைத் தேடி வாங்குங்கள், கேபின் கொஞ்சம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அது அமையாவிட்டால் 20 டிகிரியைத் தாண்டாத சாய்வும் தனி பேக்ஸ்டேயும் இருக்கட்டும். 30 டிகிரி, பேக்ஸ்டே இல்லாத ரிக்கை அந்தப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கெனவே சாய்ந்த ரிக் படகு வைத்திருப்பவர்கள் விற்க வேண்டியதில்லை. பயணச் செலவுக் கணக்கில் முன்பாயை வெளியே விரித்துப் பிடிக்கும் இரண்டு கம்பங்களையும் இரண்டாவது முன்பாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்காற்றில் மெயின் பாயை இறக்கிக் கட்டிவிட்டு, முன்பாய்களை இரு பக்கமும் விரித்து ஓட்டுங்கள். ஆட்டம் கூடும், பாய் தப்பிக்கும். புறப்படுமுன் மாஸ்டில் ஏறி, ஸ்ப்ரெடர் படும் இடங்களைப் பென்சிலால் பாயில் குறித்து, பாய் தைப்பவரிடம் சொல்லி அங்கே இரட்டை ஒட்டுப் போடுங்கள். கம்பிகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் மொத்தமாக மாற்றிவிடுங்கள்; செயின்பிளேட்டையும் கழற்றி, டெக்குக்குள் மறைந்திருக்கும் பகுதியில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள்.